சக்தி, சுற்றாடல், உழைப்பு: ஒரு துறையிடைப் பட்டப்பின் கல்வியின் தோற்றமும் எல்லைகளும்

பல்கலைக்கழகத்தில் அறிவு துறை துறையாகப் பிரிக்கப்பட்டிருப்பது இயற்கையின் நியதி போலவே பலருக்குத் தோன்றுகின்றது. பௌதிகவியலாளர் வெப்பத்தை ஆராய்வார். பொருளியலாளர் விலையை ஆராய்வார். உயிரியலாளர் காட்டை ஆராய்வார். அக்காட்டிலிருந்து விறகு சுமந்துவரும் பெண்ணைப் பற்றி எவராவது எழுத வேண்டுமாயின் அது எம்போன்ற இலக்கியகாரருக்கு விடப்படும். இப்பிரிவினை எப்போது, எவருடைய தேவைகளையொட்டி ஏற்பட்டது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சில பல்கலைக்கழகங்களில், சக்தியையும் சுற்றாடலையும் ஒரே பொருளாகக் கொண்டு பல துறைகளை இணைத்துக் கற்பிக்கும் பட்டப்பின் படிப்புகள் நடைபெற்று வருகின்றன. அவை துறைகளுக்கிடையிலான சுவர்களை இடித்துவிட்டன என்று பொதுவாகப் பாராட்டப்படுகின்றன. அவற்றின் வரலாற்றை நோக்குமிடத்துச் சில சுவர்கள் இடிந்தமை உண்மையே. இடியாது நின்ற சுவர் ஒன்றும் இருந்தது. சக்திக் கணக்கினுள் மனித உழைப்பு எங்கே இடம்பெற்றது, எங்கே விடுபட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவின் வேர்கள் 19ஆம் நூற்றாண்டிலே உள்ளன. 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் பிரித்தானியாவின் நிலக்கரி பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி இயந்திரத்தின் வினைத்திறன் கூடக்கூட நிலக்கரியின் நுகர்வு குறையாது, பெருகவே செய்யும் என்பது அவர் கண்ட முடிவு. கைத்தொழில் வல்லரசொன்றின் ஆயுள் நிலத்தடிப் படிவுகளோடு கட்டுண்டிருப்பதை அவர் தெளிவாகக் கண்டார். அதே ஜெவன்ஸ் ஆறு ஆண்டுகள் கழித்து, 1871இல், எல்லைப் பயன்பாட்டுக் கோட்பாட்டை வகுத்தோருள் ஒருவரானார். அக்கோட்பாட்டின் மையத்தில் நிலக்கரியும் இல்லை, சுரங்கத் தொழிலாளியும் இல்லை. கொள்வோனின் திருப்தியே உண்டு. பொருளியல் தன்னைத் தனியொரு துறையாக வரையறுத்துக்கொண்ட போது எவற்றை வாசலுக்கு வெளியே விட்டது என்பதை ஒரே மனிதரின் இவ்விரு நூல்களும் காட்டுகின்றன.

மார்க்ஸ் இதற்கு எதிர்த்திசையில் சென்றவர். லீபிக்கின் விவசாய இரசாயனத்தை ஊன்றிப் படித்த அவர், முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே சூறையாடுகின்றது என்பதை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிலே நிறுவினார். ஆயினும் சக்தி பற்றிய அன்றைய புதிய பௌதிகத்தை உழைப்புக் கோட்பாட்டோடு நேரடியாகப் பொருத்திப் பார்க்க முயன்றவர் வேறொருவர். உக்ரேனிய மருத்துவரும் சமதர்மவாதியுமான செர்கேய் பொடொலின்ஸ்கி, மனித உழைப்பானது சூரிய சக்தியைப் புவியின் மேற்பரப்பில் தேக்கிவைக்கும் செயல் என்று 1880இல் எழுதினார். இயற்கைப் புற்றரையையும் காட்டையும், விதைத்த புல்லையும் கோதுமை வயலையும் பிரெஞ்சு விவசாயப் புள்ளிவிபரங்களைக் கொண்டு அவர் ஒப்பிட்டார். உழைப்பு இடப்பட்ட நிலம் கூடுதலான சக்தியைத் தேக்குகின்றது என்று காட்டினார். தமது ஆய்வை மார்க்ஸுக்கும் அனுப்பினார்.

1882 டிசெம்பர் 19, 22 ஆகிய தினங்களில் மார்க்ஸுக்கு எழுதிய கடிதங்களில் எங்கெல்ஸ் இதனை மதிப்பிட்டார். உழைப்பு சூரிய சக்தியைத் தேக்குகின்றது என்ற கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்ட அவர், பொருளாதார உறவுகளைப் பௌதிக அளவைகளில் எழுதிவிட முடியாது என்று முடித்தார். நிலக்கரி, கனிமம், காடு ஆகியவற்றில் சேமிக்கப்பட்ட கடந்தகாலச் சூரிய வெப்பத்தை மனிதர் விரயமாக்குவதைப் பொடொலின்ஸ்கி கணக்கிற் கொள்ளவில்லை என்ற அவரது குறிப்பு, இன்று படிக்கும்போதும் கூர்மை குன்றாதது. மூன்று மாதங்களுக்குள் மார்க்ஸ் மறைந்தார். மார்க்சியம் சூழலியலைச் சந்திக்கக் கிடைத்த வாய்ப்பு இக்கடிதங்களோடு நழுவிற்று என்பது யுவான் மார்ட்டினெஸ் அலியர் 1980களில் முன்வைத்த கருத்து. எங்கெல்ஸின் விமர்சனமே அறிவியல்ரீதியாகச் சரியானது என்பது ஜோன் பெலமி ஃபொஸ்டரும் போல் பேர்க்கற்றும் பின்னர் தந்த மறுப்பு. மறுப்பில் வலுவுண்டு. ஆனால் எங்கெல்ஸ் சரியாகவே சொன்னார் என்று கொண்டாலும், அவ்விவாதத்தை மார்க்சிய இயக்கம் முன்னெடுத்துச் செல்லவில்லை என்ற உண்மை மாறாது. 1960களிலிருந்து ஆரல் கடல் வற்றியபோது, நீர்ப்பாசனப் பொறியியலாளரின் திட்டத்தைத் தடுத்து நிறுத்தும் வலிமை வேறெந்தத் துறைக்கும் இருக்கவில்லை. துறைப் பிரிவினையின் கேடுகள் முதலாளித்துவ நாடுகளுக்கு மட்டும் உரியனவல்ல.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இவ்விரு அறிவுகளையும் மீண்டும் அருகருகே அமர்த்தியது எந்தவொரு சித்தாந்தமுமன்று. 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா கரையோரத்தில் கடலடி எண்ணெய்க் கிணறு வெடித்துக் கரைகளைக் கறுப்பாக்கியது. அடுத்த ஆண்டின் முதல் நாளன்று ஜனாதிபதி நிக்சன் தேசிய சுற்றாடற் கொள்கைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சுற்றாடலைப் பாதிக்கும் திட்டங்களை வகுக்கும்போது இயற்கை விஞ்ஞானங்களையும் சமூக விஞ்ஞானங்களையும் இணைத்த துறையிடை அணுகுமுறையைக் கையாள வேண்டும் என்று அச்சட்டம் கூட்டரசு நிறுவனங்களைப் பணித்தது. துறையிடை என்னும் சொல்லே சட்டவாசகத்தில் இடம்பெற்றது. கல்வியாளர் பலர் இப்படிப்புகளின் தோற்றத்தைச் சில முன்னோடிகளின் தீர்க்கதரிசனமாக எழுதுவர். பெரும் திட்டம் ஒவ்வொன்றுக்கும் சுற்றாடல் தாக்க அறிக்கை தேவைப்பட்ட நாளிலிருந்து அவ்வறிக்கையை எழுதவல்லோருக்கு ஒரு தொழிற்சந்தை திறக்கப்பட்டது என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை விதித்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. 1974இல் கலிபோர்னியா மாநிலம் தனக்கென ஒரு சக்தி ஆணைக்குழுவை நிறுவச் சட்டம் இயற்றியது. அரசுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ‘சக்தி, வளங்கள் குழு’ 1973இல் உருவானது இப்பின்னணியிலேதான். இக்கல்விமரபின் முன்மாதிரியாக அது கருதப்பட்டு வருவதால் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அது துறை எனப் பெயர் பெறவில்லை. குழு என்றே அழைக்கப்பட்டது. பல துறைகளின் ஆசிரியர்கள் சேர்ந்து முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கு மாணவரை வழிநடத்தும் அமைப்பு அது. பிளாஸ்மா பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜோன் ஹோல்ட்றன் 1973இல் அங்கு வந்து, 1996 வரை அதனை வழிநடத்தியோரில் முதன்மையானவராக விளங்கினார்; பின்னர் 2009 முதல் 2017 வரை ஜனாதிபதி ஒபாமாவின் விஞ்ஞான ஆலோசகராகப் பணிபுரிந்தவர் அவரே. பௌதிகத்திலிருந்து சூழலியலுக்கு மாறிய ஜோன் ஹார்ட், பொருளியலாளரான றிச்சாட் நோர்கார்ட் முதலியோர் உடன் பணியாற்றினர். பெயரிலுள்ள ‘வளங்கள்’ என்ற சொல்லை இலக்கிய மாணவன் எளிதிற் கடந்து செல்ல மாட்டான். ஆறு வளமாவதும் காடு வளமாவதும் எவருக்கோ பயன்படும் பொருளாக அவை ஏற்கெனவே எண்ணப்பட்ட பின்னரே.

அக்குழு பிறக்குமுன்னரே அதன் சிந்தனைப்போக்கை நிர்ணயித்த விவாதம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. குடித்தொகைப் பெருக்கத்தின் தாக்கம் பற்றி ஏர்லிக்கும் ஹோல்ட்றனும் 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உயிரியலாளர் பரி கொமனர் அதே ஆண்டில் தமது புகழ்பெற்ற நூலை எழுதி, சூழற்கேட்டின் முதன்மைக் காரணம் மக்கட்தொகை அன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இலாபத்தின் பொருட்டுப் புகுத்தப்பட்ட உற்பத்தி முறைகளே என வாதிட்டார். சவர்க்காரத்தின் இடத்தைச் செயற்கைச் சலவைப்பொருள் பிடித்தமையும், பருத்தியின் இடத்தைச் செயற்கை இழை பிடித்தமையும், இரசாயன உரத்தின் பெருக்கமும் அவரது உதாரணங்கள். விவாதத்தின் விளைவாக, தாக்கம் என்பது குடித்தொகை, தலைக்குரிய நுகர்வு, தொழில்நுட்பம் ஆகிய மூன்றின் பெருக்கம் என்ற சூத்திரம் நிலைபெற்றது. உலகெங்கும் சுற்றாடல் வகுப்புகளின் முதற் பாடங்களில் ஒன்றாக இன்றும் அது கரும்பலகையில் எழுதப்படுகின்றது. கணிதத்தில் பிழையில்லை. ஆயினும் சராசரி மனிதன் ஒருவனே அதிலுள்ள பாத்திரம். உடைமையாளனும் கூலியாளும் அச்சராசரிக்குள் கரைந்துவிடுகின்றனர். ஹோல்ட்றனை வெறும் மால்தூசியர் என ஒதுக்குவது அநீதி. அணுவாயுதக் கட்டுப்பாட்டுக்காக அவர் நீண்டகாலம் உழைத்தார். 1995இல் பக்வோஷ் அமைப்பின் சார்பில் நோபல் சமாதானப் பரிசு உரையை நிகழ்த்தினார். வர்க்கத்தைக் குறிக்க இடமில்லாத அச்சூத்திரத்தின் அமைப்பைப் பற்றியதே எமது விமர்சனம்.

கொமனரின் பாதை வேறானது. 1950களின் பிற்பகுதியில் செயின்ற் லூயிஸ் நகரப் பெற்றோர், தம் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்துக் கொடுத்தனர். அணுகுண்டுச் சோதனைகளின் ஸ்ரோன்ரியம் 90 அப்பற்களில் அளக்கப்பட்டது. அம்முயற்சியின் பின்னின்றோரில் கொமனர் ஒருவர். அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1966இல் அவர் நிறுவிய இயற்கை முறைமைகளின் உயிரியல் நிலையம், அப்பெற்றோர் எழுப்பியது போன்ற கேள்விகளிலிருந்து ஆய்வைத் தொடங்க முயன்றது. 1976இல் வெளிவந்த அவரது நூல் சக்தி நெருக்கடியை முதலாளித்துவத்தின் நெருக்கடியாகவே வாசித்தது. துறையிடைக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பேர்க்லிக்கு ஓர் அதிகாரமும் கொமனருக்கு ஓர் அடிக்குறிப்பும் ஒதுக்குவது தற்செயலானதன்று.

பேர்க்லிப் பயிற்சியின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. தோராயமாக ஆனால் நேர்மையாகக் கணக்கிடும் பழக்கத்தை அது மாணவரிடம் வளர்த்தது. ஹார்ட் 1985இல் வெளியிட்ட பயிற்சிநூல் கோளவடிவப் பசு ஒன்றைத் தலைப்பிற் கொண்டது. சிக்கலான உலகை எவ்வளவு எளிமைப்படுத்தியும் பயனுள்ள விடை பெறலாம் என்பதே அதன் பாடம். துகட் பௌதிகத்தைக் கைவிட்டு, அருகிலிருந்த லோரன்ஸ் ஆய்வுகூடத்தில் சக்திச் சிக்கனத்தை ஆராய்ந்த ஆதர் றோசன்ஃபெல்ட்டும் இச்சூழலைச் சேர்ந்தவர். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் விற்பனையான ஒரு புதிய குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 கிலோவாற்று மணி மின்சாரம் நுகர்ந்தது. நூற்றாண்டின் முடிவை அண்டிய நியமங்களால் அது 500 அளவுக்கு இறங்கிற்று. புதிய மின்னிலையங்களை அமைக்காமலே அவற்றின் பயனைப் பெறலாம் எனக் காட்டிய வெற்றி இது. அதேவேளை, இவ்வெற்றி குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டின் வெற்றி என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அப்பெட்டி இல்லாத வீட்டின் அடுப்பங்கரைக்கு இக்கல்வி எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது சுவையான வரலாறு. மின்னுற்பத்தி முறைகளின் தீங்குகளை ஒப்பிட்டு 1975இல் ஹோல்ட்றனுடன் ஆய்வறிக்கை எழுதியவர்களுள் கேர்க் சிமித் ஒருவர். 1977இல் பேர்க்லியிற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். தொழிற்சாலைப் புகைபோக்கியை மட்டுமே காற்று மாசின் பிறப்பிடமாகக் கருதிய விஞ்ஞானத்துக்கு அவ்வளவீடுகள் அதிர்ச்சியளித்தன. எந்த நகரத்திலும் அனுமதிக்கப்படாத செறிவில் தூசுத்துகள்கள் மண்ணடுப்பின் முன்னே மிதந்தன. வீட்டுக்குள் எழும் இப்புகையினால் 2020இல் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எரிபொருளை எரிசக்தித் துறையும், நோயை மருத்துவத் துறையும், சமையலை எத்துறையும் ஆராயாத நிலையில் இம்மரணங்கள் எக்கணக்கிலும் ஏறாதிருந்தன. துறையிடைப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த நியாயம் எனக்குத் தெரியவில்லை. எனினும் இங்கும் பெண் புகையைச் சுவாசிப்பவளாகவே அளக்கப்பட்டாள். அவ்விறகைத் தேடிச் சுமந்த உழைப்பாளியாக அன்று.

அவ்வுழைப்பை அளந்தவர்கள் பெங்களூரில் இருந்தனர். இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் 1974இல் தொடங்கப்பட்ட ‘அஸ்திரா’ என்னும் அமைப்பு, விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கிராமப்புறத்துக்குப் பயன்படுத்துவதைக் குறிக்கோளாகக் கொண்டது. அதன் மூலவர் அமுல்யா ரெட்டி, மின்னிரசாயனவியலில் உலகறிந்த பாடநூலொன்றின் இணையாசிரியர். தமது விஞ்ஞானம் நாட்டின் பெரும்பான்மையோருக்கு எவ்விதத்தில் உதவுகின்றது என்ற கேள்வி நடுவயதில் அவரைத் திசைதிருப்பிற்று. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூரான பூராவில் அவரும் மாணவரும் வீடுவீடாகச் சென்று சக்திக் கணக்கு எடுத்தனர். எண்ணெய் நெருக்கடி பற்றி உலகமே பேசிய காலத்தில், அவ்வூரின் சக்தியில் பத்தில் ஒன்பது பங்களவு விறகிலிருந்து கிடைத்தது. மின்சாரத்தின் பங்கு அற்பம். அவர்கள் வகுத்த அட்டவணையில் மனிதசக்தி என்று ஒரு நிரல் இருந்தது. அதனை ஆண், பெண், சிறுவர் எனப் பிரித்தும் எழுதினர். மனித உழைப்பில் பாதிக்குச் சற்று அதிகம் பெண்களுடையது எனத் தெரியவந்தது. விறகு பொறுக்கலும் நீர் சுமத்தலும் மாடு மேய்த்தலும், பொருளியலாளர் வேலை என்றே கருதாத வேலைகள், அந்நிரலிற் பதிவாயின. பொடொலின்ஸ்கியை அவர்கள் படித்திருந்தார்களோ இல்லையோ, அவர் விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடர்ந்தது. எங்கெல்ஸ் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் அதனோடு சேர்ந்துகொண்டது: இவ்வுழைப்பு எவருடையது?

பின்னர் நடந்தது கோட்பாட்டாளரும் கவனிக்கவேண்டியது. சமையலுக்கு வாயு தருவதற்கெனப் பூராவில் அமைக்கப்பட்ட சாணவாயுக் கலன் வெற்றியளிக்கவில்லை. ஊரின் சாணம் முழுவதும் சேர்ந்தாலும் எல்லா அடுப்புகளுக்கும் போதுமான வாயு கிடைக்கவில்லை. ஆய்வாளர் திட்டத்தை மாற்றினர். 1987 முதல் அவ்வாயுவைக் கொண்டு இயந்திரம் ஒன்றை ஓட்டி மின்சாரம் பெற்றுக் குடிநீரை இறைக்கவும் வீடுகளுக்கு விளக்கேற்றவும் தொடங்கினர். சாணம் கொடுத்தோருக்குப் பணமும் எருவும் கிடைத்தன. பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்று 1968இல் கரற் ஹார்டின் எழுதிய கட்டுரை அமெரிக்கச் சுற்றாடற் கல்வியின் வேதமாகியிருந்த வேளையில், அதற்கு மறுமொழியாக ரெட்டி 1995இல் பூராவை முன்வைத்துப் பொதுமையின் அருட்பேறு பற்றி எழுதினார். பொதுவசதி குலைந்தால் தன் வீட்டுக் குழாயும் வறண்டுவிடும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருந்தது. பூராவைப் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. ஓர் ஊரின் கலனால் நிலவுடைமை உறவுகள் மாறிவிடவில்லை. அத்தகைய மாற்றத்தை அஸ்திரா நோக்கமாகவும் கொள்ளவில்லை. மார்க்சிய நோக்கில் அது பெருங்குறையே. எனினும் ஆய்வாளர் தம் முதற்கணக்கின் தோல்வியை ஊராரிடமிருந்து கற்றுத் திருத்தினர் என்பதில் பல்கலைக்கழகங்கள் அறியவேண்டிய முறையியல் உண்டு.

பிரேசிலின் கோல்டம்பேர்க், சுவீடனின் யோஹான்சன், அமெரிக்காவின் வில்லியம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ரெட்டி 1980களில் எழுதியவை, தலைக்கு ஒரு கிலோவாற்று வீதம் சக்தியைச் செவ்வனே பயன்படுத்தினால் மூன்றாம் உலக மக்கள் அடிப்படைத் தேவைகளுக்கும் மேலான வாழ்வைப் பெறமுடியும் என நிறுவின. எவ்வளவு உற்பத்தி என்பதற்கு முன் எதற்கு, எவருக்கு என்று கேட்ட சக்தித் திட்டமிடல் அது.

பேர்க்லியின் பிற்கால வரலாறு பணத்தின் வரலாறாகவும் அமைந்தது. 2007 பெப்ரவரியில் பீ.பீ. எண்ணெய் நிறுவனம், பயிர்களிலிருந்து எரிபொருள் பெறும் ஆய்வுக்காகப் பத்து ஆண்டுகளில் 50 கோடி டொலர் வழங்கப்போவதாக அறிவித்தது. பேர்க்லி, லோரன்ஸ் ஆய்வுகூடம், இலினோய் பல்கலைக்கழகம் ஆகியவை பங்காளிகள். நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வளாகத்திலேயே தமக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் வெளியிடப்படாத ஆய்வுகளை நடத்தவும் ஏற்பாடிருந்தது. மாணவரும் ஆசிரியர் சிலரும் எதிர்த்தனர், ஒப்பந்தம் கைச்சாத்தானது. துறைகளின் சுவர்கள் தாழ்ந்திருந்த இடத்திலே கம்பனி எளிதாக உள்நுழைந்தது என்று சொல்வது மிகையாகலாம். ஆயினும் பௌதிகவியலாளரும் உயிரியலாளரும் பொருளியலாளரும் ஒரே மேசையில் அமர்வது தன்னளவில் முற்போக்கானது என்று கருதுவோர் அம்மேசையின் செலவைச் செலுத்துபவர் யார் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இது தூரத்துக் கதையன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல் நிலத்தடியிலுள்ள நீரே குடிக்கவும் பயிரிடவும் ஆதாரம். அக்கல்லின் வெடிப்புகளூடாக நீர் விரைந்து பரவும். நீரோடு கலந்ததும் பரவும். சுன்னாகம் மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதாக எழுந்த முறைப்பாடுகள் 2014இன் இறுதியிலும் 2015இலும் மக்கள் போராட்டமாயின. பவுசர்களில் நீர் விநியோகிக்கப்பட்டது. எண்ணெயும் கிறீசும் உண்டு என்ற பரிசோதனைகளும், ஆபத்தான மாசு இல்லை என்ற நிபுணர் அறிக்கையும் அருகருகே வெளிவந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இவ்வொரு விடயத்தைக் கலாநிதிப் பட்ட ஆய்வாக எடுக்க விரும்பும் மாணவர் எந்தத் துறையின் கதவைத் தட்டுவார் என்று எண்ணிப்பார்க்கலாம். புவிச்சரிதவியல், இரசாயனவியல், மின்பொறியியல், சட்டம், பொருளியல் ஆகிய ஐந்தும் தத்தம் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஐந்தையும் சேர்த்தாலும் கிணறு கைவிடப்பட்ட வீட்டில், பவுசருக்குக் காத்துநின்று குடத்தில் நீர் சுமந்தவருடைய நேரம் கணக்கில் வராது போகக்கூடும். அந்நேரத்தை அளக்கப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பூராவில் செய்தது போல வீடுவீடாகச் சென்று, எவர், எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்று கேட்டு, ஆண், பெண், சிறுவர் என மூன்று நிரல்களில் எழுதினாலே போதும். இழப்பீடு பற்றிய பேச்சு மீண்டும் எழுமாயின் முதலில் வேண்டப்படுவது அவ்வட்டவணையே.